இரு பக்கமும் உறவு: பழனிமலைப் பின்னணியில் இளையோருக்கு ஒரு மாற்று வரலாற்று நாவல் எழுதும் முறை

கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக மேற்கே சென்று, டாப் ஸ்டேஷனைக் கடந்து மூணாறைத் தொடும் பழைய சாலை ஒன்று உண்டு. இன்று போக்குவரத்து இல்லாமல் காடு மூடிக் கிடக்கும் அந்தச் சாலைக்கு எஸ்கேப் ரோடு என்ற பெயர் மட்டும் இன்னும் நிலைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தென்னிந்தியாவில் இறங்கிவிட்டால், மலையில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் இந்த வழியாகக் கொச்சிக்குச் சென்று கப்பலேறுவதற்காக அது சீரமைக்கப்பட்டது என்பது மலையில் வழங்கும் செய்தி. ஜப்பானியர் வரவில்லை, பெயருக்குரிய வேலையை அந்தச் சாலை ஒருநாளும் செய்யவும் இல்லை. நடந்த வரலாறு ஓரிடத்தில் வேறு திசையில் திரும்பியிருந்தால் என்று கற்பனை செய்யும் மாற்று வரலாற்று நாவலை எழுத விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது. நடக்காமல் போன ஒரு வரலாற்றுக்கு வேண்டிய சாலை மட்டும் முன்கூட்டியே தயாராக இருந்திருக்கிறது.

பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகர்களை மனத்தில் வைத்து, போர்க்காலத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும் விசுவாசத்தைப் பற்றி ஒரு நாவலை எப்படிக் கட்டுவது என்பதை இந்தச் சாலையையும் இதைச் சுற்றியுள்ள மலையையும் வைத்தே இங்கே விளக்க முயல்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் செண்பகமும் அவள் குடும்பத்தாரும் என் கற்பனை. அவர்களைச் சுற்றியுள்ள மலை, கடல், பாலம், அணை ஆகியவை உண்மையானவை. அவற்றை உண்மையாகவே வைத்திருப்பது இந்த வகை நாவலின் முதல் ஒழுக்கம்.

முதலில், இந்தக் கருப்பொருளுக்கு மாற்று வரலாறு எதற்கு என்பதை எழுதுபவர் தமக்குள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உண்மையில் நடந்த போரிலும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரு பக்கமும் உறவு இருந்தது. ஒரு மகன் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாயாக இருக்க, பிழைக்கப் போன இன்னொரு மகன் மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருக்கக்கூடும். ஆனால் 1944இல் அந்த இரண்டு படைகளும் மோதிய இம்பாலும் கோஹிமாவும் மதுரைச் சீமையிலிருந்து வெகு தொலைவில் இருந்தன. அதனால் அந்தத் தாய் இருவருக்காகவும் ஒரே தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு காலத்தைக் கடத்திவிட முடிந்தது. எந்த மகன் பக்கம் என்று அவளை யாரும் கேட்கவில்லை. தொலைவு அவளுக்குக் கொடுத்த அந்தச் சலுகையைப் பறித்து, அதே கேள்வியை அவள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவருவதுதான் மாற்று வரலாற்றின் வேலை. நீங்கள் கற்பனை செய்யும் வரலாற்று மாற்றம் ஒருவருடைய தேர்வைத் தள்ளிப்போட முடியாததாக ஆக்கவில்லை என்றால், எத்தனை போர்விமானங்கள் பறந்தாலும் அந்த மாற்றம் வெறும் அலங்காரமாகவே நிற்கும். இனி வரும் எல்லா யோசனைகளையும் இந்த ஓர் அளவுகோலால் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

வரலாறு எங்கே விலகுகிறது?

உண்மை வரலாற்றிலிருந்து கதை பிரியும் இடமான விலகல் புள்ளி சிறியதாகவும், நடந்திருக்கக்கூடியதாகவும், ஒன்றே ஒன்றாகவும் இருக்க வேண்டும். 1942ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அந்த மாதத்தில் சென்னை நகரமே பாதி காலியானது. இவ்வளவும் உண்மையில் நடந்தவை என்பதால், வாசகரை நம்பவைக்க நீங்கள் பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்தியப் பெருங்கடலுக்குள் வந்த ஜப்பானியக் கடற்படை தாக்கிவிட்டுத் திரும்பிப் போனது ஏன் என்பதுதான் கேள்வி. இலங்கையைக் கைப்பற்றும் யோசனை ஜப்பானியக் கடற்படையிடம் இருந்தது. அதற்குத் தேவையான தரைப்படையைத் தர ராணுவத் தலைமை விரும்பவில்லை. ஆக, டோக்கியோவில் ஓர் அறைக்குள் சிலர் ‘முடியாது’ என்றதற்குப் பதிலாக ‘சரி’ என்றிருந்தால் போதும். இந்த அளவுக்கு அடக்கமான விலகல் புள்ளியே நல்லது. அணுகுண்டை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வைப்பதும், காலப்பயணியை அனுப்புவதும் வேறு வகை நாவலுக்கு உரியவை.

புள்ளியை முடிவு செய்த பிறகு, அதிலிருந்து விளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவர வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இலங்கை வீழ்ந்தது, அடுத்த அத்தியாயத்தில் மதுரையில் ஜப்பானியக் கொடி என்று எழுதுவது எளிது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள நீர் குறுகியது என்பதும் உண்மை. ஆனால் ராமேஸ்வரம் மீனவர்கள் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொந்தளிக்கும். பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அப்போது அமைதியாக இருக்கும். ஆகவே ஜூன் மாதத்தில் இறங்கும் படை தொண்டி, தேவிபட்டினம் பக்கமே இறங்கும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைப் பின்வாங்கும் பிரிட்டிஷார் விட்டுவைக்க மாட்டார்கள். பாம்பனில் சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது என்பதால், பாலம் தகர்ந்தால் தீவு தனித்துப்போகும். படை ராமநாதபுரம், மானாமதுரை வழியாக மதுரைக்கு வரச் சில வாரங்களாகும். அந்த வாரங்களில் அதிகாரிகளும் பாதிரியார்களும் பணக்காரர்களும் வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறிக் கொடைக்கானலை நிரப்புவார்கள். எஸ்கேப் ரோடு முதன்முறையாகத் தன் பெயருக்குரிய வேலையைத் தொடங்கும். கடைசியாக ஏறும் வண்டி மேலே போனதும் மலைப்பாதையின் வளைவுகள் வெடிவைத்துத் தகர்க்கப்படும்.

இவ்வளவையும் நாவலில் சொல்ல வேண்டும் என்பதில்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசகருக்கு மூன்று பக்கங்களுக்கு மேல் வேண்டியதில்லை. அந்த மூன்று பக்கங்களையும் படைத்தளபதிகளின் வரைபட மேசையிலிருந்து சொல்லாமல், கொடைக்கானலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அரிசி விலை ஏறுவதிலிருந்து சொன்னால் பதினைந்து வயது வாசகர் புத்தகத்தை மூட மாட்டார். பர்மா வீழ்ந்ததும் பர்மா அரிசி வருவது நின்றுபோனது உண்மை வரலாறே ஆகையால், சந்தையில் தொடங்கும் கதைக்கு ஆதாரமும் இருக்கிறது.

விலகல் புள்ளிக்குப் பிறகு உண்மை வரலாற்றின் நிகழ்ச்சிகளை அப்படியே கடன் வாங்கக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1942 ஆகஸ்ட் 8 அன்று வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. அதே மாதத்தில் தேவகோட்டையில் நீதிமன்றம் எரிக்கப்பட்டது, திருவாடானையில் சிறை உடைக்கப்பட்டது. உங்கள் நாவலில் அந்த ஊர்கள் ஜப்பானியர் வசம் இருக்கின்றனவே, அப்படியானால் அங்கே எந்தச் சிறையை யார் உடைப்பார்கள்? இந்த வகைக் கேள்விகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதில் எழுதிக்கொண்டே போவது நல்ல பழக்கம். எனக்குத் தெரிந்து மிகுதியாக நேரும் பிழை நேதாஜியைப் பற்றியது. 1942இல் அவர் ஜெர்மனியில் இருந்தார்; சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். அதன் பிறகே மலேயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பெருந்திரளாகப் படையில் சேர்ந்தார்கள். 1942இல் நடக்கும் கதையில் அவரைக் குதிரையில் ஏற்றி மதுரைக்குள் கொண்டுவர ஆசை எழும், ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் இருந்தவை மோகன் சிங் திரட்டிய போர்க் கைதிகளின் படையும், ராஷ் பிஹாரி போஸின் தலைமையில் இயங்கிய இந்திய சுதந்திர லீக்கும்தான். அந்த அமைப்புகளின் தயக்கமும், ஜப்பானியரோடு அவர்களுக்கு இருந்த உரசலும், ஒரு மாபெரும் தலைவரின் வருகையைவிட உங்கள் கதைக்கு நன்றாகப் பொருந்தும்.

மாறக் கூடாதவை

போரை மாற்றலாம்; குறிஞ்சியை மாற்றக் கூடாது. கொடைக்கானல் மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1946, 1934 என்று வருமே தவிர 1942 வராது. என் சொந்த முதல் வரைவில் அண்ணனும் தங்கையும் குறிஞ்சி பூத்த சரிவில் பிரியும் காட்சி ஒன்று இருந்தது. கண்ணீர் வரவழைக்கும் காட்சி என்று நானே மெச்சிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று அதை வெட்டினேன். பிறகு, ‘பூப்பதற்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது’ என்று அண்ணன் சொல்வதாக மாற்றியபோது காட்சி முன்பைவிட நன்றாக அமைந்தது. பிழையைத் திருத்துவது சில நேரங்களில் இப்படிப் பலனும் தரும்.

இதே கவனம் மற்றவற்றுக்கும் வேண்டும். அன்றைய கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது என்பதால், மலையிலிருந்து கீழே பார்க்கும் உங்கள் கதைமாந்தரின் கண்ணில் அந்த நீர்ப்பரப்பு படக் கூடாது. போடி ரயில் பாதை போர்க்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு 1950களில் மீண்டும் போடப்பட்டது. யாரையேனும் போடிக்கு ரயிலில் அனுப்புவதற்கு முன் மாதத்தைச் சரிபாருங்கள். ரூபாய்க்குப் பதினாறு அணா. நயா பைசா 1957இல் வந்தது. தூண்பாறைக்கு அருகிலுள்ள ஆழ்குகைக்கு இன்று எல்லோரும் சொல்லும் பெயர் ஒரு திரைப்படத்தால் வந்த பெயர். அதை 1942இல் ஒருவர் வாயில் வைத்தால், அதுவரை நீங்கள் கட்டிய உலகம் அந்த ஒரு சொல்லில் சரிந்துவிடும்.

தகவல் தேடுவதற்குச் சென்னையின் ஆவணக் காப்பகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள்ளன. 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச் சுவடி மலையின் பழைய பாதைகளையும் குடிகளையும் பற்றி நிறையச் சொல்லும். ஆனால் அவற்றுக்குப் போகும் முன், மேல்மலைக் கிராமங்களில் தொண்ணூறைத் தாண்டியவர்களிடம் யுத்தகாலத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். தேதிகளை அவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள். எதை உடுத்தினார்கள், மண்ணெண்ணெய்க்கு எங்கே வரிசையில் நின்றார்கள், பெரியவர்கள் எதைத் தாழ்ந்த குரலில் பேசினார்கள் என்று கேளுங்கள். ஆவணங்களில் கிடைக்காத பதில்கள் அங்கேதான் கிடைக்கும்.

முடிச்சைப் போடுவது

இனி நாவலின் நடுப்பகுதிக்கு வருவோம். விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டதும் நாடு, கொள்கை, கொடி என்று மனம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத் தடுத்து, அதைச் சோறு, வழி, தண்ணீர் என்று இறக்கிக் கொண்டுவர வேண்டும். இளைய வாசகருக்கு ஒரு கொள்கைமீது பற்று இன்னும் வராமல் இருக்கலாம். ஆனால் ஒரு ரகசியத்தை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்ற சங்கடம் அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டிலும் பள்ளியிலும் தினமும் அதைச் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

செண்பகத்துக்குப் பதினாறு வயது. அவளுடைய தந்தை கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். எந்த ஆட்சி வந்தாலும் அந்தப் படவரிசை அறுந்துவிடக் கூடாது என்பதே அவருடைய ஒரே விசுவாசம். தாயின் ஊர் வெள்ளகவி. கொடைக்கானலுக்குக் கீழே, கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் பழைய நடைபாதையில் இருக்கும் ஊர் அது. 1910களில் மோட்டார் சாலை வருவதற்கு முன் துரைமார்களை டோலியில் சுமந்துகொண்டு ஏறிய பாதை அதுவே. மூத்த அண்ணன் பிழைக்க மலேயாவுக்குப் போனவன். இப்போது ஜப்பானியரோடு வந்திறங்கிய இந்தியப் படையில் ஒருவனாகக் கும்பக்கரையில் நிற்கிறான். தாய்மாமன், போர்க்காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். மலைமேல் காவல் நிற்கிறான். தந்தையைப் பெற்ற அப்பத்தாவுக்குச் சோழவந்தான் பக்கம் நஞ்சை இருக்கிறது. மலைப்பாதை தகர்க்கப்பட்டுவிட்டதால், மேலே ஏற மீந்திருப்பது வெள்ளகவிப் பாதை ஒன்றே. அதை இருட்டிலும் நடக்கத் தெரிந்தவள் செண்பகம்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது, இளம் கதைமாந்தரின் கையில் உண்மையான அதிகாரம் ஒன்று இருப்பதுதான். போர் நாவல்களில் சிறுவர்கள் பெரும்பாலும் சாட்சியாகவே நிற்கிறார்கள். குண்டு விழுவதைப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள், வளர்கிறார்கள். தளபதிக்குத் தெரியாத பாதை பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அவள் முடிவெடுத்தே தீர வேண்டியவளாகிறாள். மாமன் பக்கத்து அதிகாரிக்கு அந்தப் பாதையில் எங்கே கண்ணி வைப்பது என்று தெரிய வேண்டும். அண்ணன் பக்கத்துக்கு வழிகாட்டி வேண்டும். மௌனமாக இருந்தாலும் அவள் ஒரு பக்கம் சேர்ந்தவளாகிவிடுவாள்.

இதோடு தண்ணீரையும் சேருங்கள். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையில் சேர்ந்து, பேரணையிலிருந்து சோழவந்தான், மேலூர் வயல்களுக்குப் போகிறது. மேற்கு மலைகள் பிரிட்டிஷார் கையிலும் மதுரைச் சமவெளி ஜப்பானியர் கையிலும் இருக்குமானால், தேக்கடியில் மதகை அடைத்து எதிரிக்கு நெல் கிடைக்காமல் செய்யலாமே என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றாமல் இருக்காது. இது வெறும் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 1942இல் வங்காளத்தில் ஜப்பானியருக்குக் கிடைக்கக் கூடாது என்று படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்திய கொள்கை உண்மையில் நடைமுறைக்கு வந்தது, மறு ஆண்டு அங்கே பஞ்சமும் வந்தது. மதகை அடைக்கும் செய்தி மாமனின் வாய்தவறி செண்பகத்தின் காதில் விழுகிறது. அதை அண்ணனுக்குச் சொன்னால் மாமனின் படை அழியலாம். சொல்லாவிட்டால் அப்பத்தாவின் ஊர் பட்டினி கிடக்கும். உண்மை வரலாற்றில் யாருக்கும் நேராத இந்த நெருக்கடியை நேரவைப்பதற்காகத்தான் டோக்கியோவில் அந்த ‘சரி’யைச் சொல்லவைத்தோம்.

ஒரு காட்சியை எழுதிப் பார்த்தல்

இத்தகைய முடிச்சு கையில் கிடைத்ததும் எழுதுபவர் செய்யும் முதல் தவறு, அண்ணனையும் மாமனையும் எதிரெதிரே உட்காரவைத்து விடுதலையைப் பற்றி நான்கு பக்கம் பேசவைப்பது. என் முதல் வரைவிலும் அப்படித்தான் இருந்தது. இருவரும் நாளிதழின் தலையங்கம் போலவே பேசினார்கள். விசுவாசம் பிளவுபடும் காட்சியில் அந்தச் சொல்லே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. அண்ணன் இரவில் வெள்ளகவிக்கு வரும் காட்சியைப் பின்வருமாறு மாற்றினேன்:

அம்மாச்சி உலைமூடியைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு பேருக்கான சோறு இருந்தது. “செருப்பைக் கழட்டிட்டுத்தானே ஊருக்குள்ள வந்தே?” என்றாள். அண்ணன் தலையசைத்தான். தோளில் தொங்கிய பூட்ஸின் கயிறு ஈரமாக இருந்தது. “அப்ப உக்காரு. உங்க மாமன் வட்டக்கானல் வளைவுல காவலுக்கு நிக்கிறான். விடிஞ்சா சாப்பிட வருவான்.” செண்பகம் வட்டில்களை எடுத்து வைத்தாள். எத்தனை எடுத்து வைப்பது என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை என்பது இன்றும் நடைமுறையில் இருக்கும் வழக்கம். எதிரிப்படையின் சிப்பாயாக வந்தவன் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறான் என்ற ஒரே செய்தி, அவன் இன்னும் யாருடைய பிள்ளை என்பதைச் சொல்லிவிடுகிறது. அம்மாச்சி தன் மகன் எங்கே நிற்கிறான் என்பதைத் தன் பேரனிடம் சொல்கிறாள். பேரன் தப்பிப் போகட்டும் என்று சொல்கிறாளா, இருவரும் ஒரே வட்டில் வரிசையில் உட்காரட்டும் என்று ஆசைப்படுகிறாளா, காவல் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியுமா என்பவற்றை எழுதுபவர் விளக்கக் கூடாது. பின்னால், அந்த வளைவில் ஏதேனும் நடந்தால், வாசகர் இந்தப் பக்கத்துக்குத் தாமே திரும்பி வருவார்.

உரையாடலில் உறவுமுறைகளுக்கு ஏற்ற மரியாதை வடிவங்களைக் காப்பாற்றுங்கள். அம்மாச்சி தன் மகனை ‘நிக்கிறான்’ என்று சொல்வாள். செண்பகம் அதே மாமனை ‘நிக்கிறாரு’ என்றே சொல்வாள். ஒருநாள் அவள் கோபத்தில் ‘நிக்கிறான்’ என்று சொல்லிவிட்டால், குடும்பத்துக்குள் போர் நுழைந்துவிட்டதை வாசகர் அந்த ஒரு விகுதியில் உணர்வார். தமிழில் எழுதுபவருக்கு மொழியே தரும் இத்தகைய கருவியை வீணாக்குவது பெருங்குறை.

இரு பக்கத்தின் கறையும்

இளையோருக்கான நாவல் என்பதால் ஒரு பக்கத்தை நல்லவர்களாகவும் மறுபக்கத்தைக் கொடியவர்களாகவும் ஆக்கிவிடும் ஆசை வரும். அதற்கு நேர்மாறாக, இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று கைகழுவும் ஆசையும் வரும். பின்னது நடுநிலை போலத் தோன்றுவதால் அதிக ஆபத்தானது. நான் கடைப்பிடிக்கும் வழி, ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுக்க முடியாத ஒரு நியாயத்தையும் மன்னிக்க முடியாத ஒரு செயலையும் உண்மை வரலாற்றிலிருந்தே எடுத்துக்கொள்வது. அண்ணனின் பக்கம் அந்நிய ஆட்சியிலிருந்து விடுதலை என்ற நியாயம் இருக்கிறது. ஆனால் அவன் துணைக்கு வந்திருக்கும் ஜப்பானியர், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சாகடித்து 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட்டவர்கள், அந்தமானில் இந்தியர்களைச் சித்திரவதை செய்தவர்கள். மாமனின் பக்கம் ஜப்பானிய ஆக்கிரமிப்பைத் தடுப்பது என்ற நியாயம் இருக்கிறது. அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் அரசு வங்காளத்தில் என்ன செய்தது என்பதை மேலே பார்த்தோம். சயாம் பாதையின் வேலை 1942 நடுவில்தான் தொடங்கியது என்பதால், கதையின் தொடக்கத்தில் அண்ணனுக்கு அது தெரிந்திருக்க முடியாது. மலேயாவிலிருந்து வரும் ஒருவர் அவனிடம் அதைச் சொல்லும் இடத்தை நாவலின் இரண்டாம் பாதியில் வையுங்கள். அவனுடைய விசுவாசத்தின் விரிசல் அங்கிருந்து வரட்டும்.

பக்கங்கள் இரண்டு மட்டுமே என்றும் நினைக்க வேண்டாம். அன்றைய தமிழகத்திலேயே கருத்துகள் பலவாறு சிதறியிருந்தன. ராஜாஜி காங்கிரஸின் ஆகஸ்ட் போராட்டத்தை ஏற்கவில்லை; கம்யூனிஸ்டுகள் உலகப் போரை மக்கள் யுத்தம் என்று சொல்லி ஜப்பானை எதிர்த்தார்கள். மலைக்குள்ளேயே பளியர்கள் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். படை எந்தக் கொடியோடு வந்தாலும் அவர்களுக்கு அது கோடரியோடு வரும் படைதான். பளியர்களைப் பச்சிலை தெரிந்த வழிகாட்டிகளாக இரண்டு காட்சியில் காட்டிவிட்டு மறந்துவிடும் வழக்கம் நம் கதைகளில் நிறைய உண்டு. அவர்களில் ஒருவருக்கு, செண்பகத்தின் திட்டத்தை மறுக்கும் காரணமும் உரிமையும் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் அவர்களைக் கதைக்குள் கொண்டுவராமல் இருப்பதே மரியாதை.

நீளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐம்பதாயிரம் சொற்களுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. காலத்தை ஜூன் முதல் நவம்பர் வரை வைத்துக்கொண்டால் சாரலில் தொடங்கி வடகிழக்குப் பருவமழையின் பெருமழையில் முடிக்கலாம், மூடுபனி உங்களுக்குத் தேவையான இடத்திலெல்லாம் கைகொடுக்கும். வன்முறையை மறைக்க வேண்டியதில்லை. அதை ரசிக்கும் விதமாக எழுதாமல் இருந்தால் போதும்.

முடிவைப் பொறுத்தவரை ஒரே ஒரு தடை விதிப்பேன். கடைசி அத்தியாயத்தில் வரலாறு பழைய தடத்துக்குத் திரும்பிவிடக் கூடாது. ஜப்பானியர் போய்விட்டார்கள், 1947 வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிப்பது, செண்பகம் கொடுத்த விலையை அவளுக்கே தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிடுவதற்குச் சமம். அவள் பாதையைக் காட்டினாலும் மறைத்தாலும், அதன் விளைவாக ஒரு வட்டில் காலியாகவே இருக்க வேண்டும்; மறுநாள் தந்தை சூரியனைப் படமெடுக்கப் போகலாம், அவ்வளவுதான்.

வரைவு முடிந்ததும் இரண்டு வகை வாசகர்களிடம் கொடுங்கள். முதலாமவர், போர்க்காலத்துப் பேச்சைப் பெற்றோர் வாயிலாகவாவது கேட்டு வளர்ந்த ஒரு மூத்தவர். கதை எப்படி என்று அவரிடம் கேட்காதீர்கள், எந்தச் சொல் காதில் இடித்தது என்று மட்டும் கேளுங்கள். இரண்டாமவர்கள், ஒன்பதாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட நான்கைந்து மாணவர்கள். செண்பகம் முடிவெடுக்கும் அத்தியாயத்துக்கு முந்தைய பக்கத்தோடு பிரதியை நிறுத்தி, அவள் இடத்தில் இருந்தால் அந்த இரவில் எந்தப் பக்கம் நடப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நான் முதல்முறை அப்படி எழுதி வாங்கியபோது ஐந்து தாளிலும் அண்ணன் பக்கமே வந்தது. மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், மாமன் செண்பகத்துக்கு அந்தப் பாதையை முதன்முதலில் சொல்லிக்கொடுத்த நாளை எழுதிச் சேர்த்தேன்.